காற்றை இறக்கு, மணலில் ஏறு

நவம்பர் முதல் வாரம் தாண்டியதும் துபாய், ஷார்ஜா தமிழ் அறைகளில் ஒரே பேச்சுதான்: "இந்தச் சனிக்கிழமை மணலுக்குப் போயே ஆகணும் மச்சான்." மே மாதத்திலிருந்து ஏசிக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்களுக்கு வரும் நியாயமான ஆசை. மார்ச் கடைசி வரைக்கும்தான் இதற்குக் காலம். அப்புறம் பாலைவனம் மறுபடி அடுப்பாகிவிடும். நாலு நண்பர்கள் சேர்ந்து, மூன்று ஃபோர் வீல் வண்டியில் கோழியும் பரோட்டாவும் ஏற்றிக் கிளம்பி, மணல்மேட்டுக்குப் பின்னால் ஓர் இரவு தங்கிவருவதற்கு ஈடான சந்தோஷம் வெளிநாட்டு வாழ்க்கையில் குறைவு. அந்தச் சந்தோஷம் எங்கே கெடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் டயர் காற்றில் போய் முடியும். அதனால் காற்றிலிருந்தே தொடங்கலாம்.

ரோட்டில் ஓடும்போது டயரில் 35 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருக்கும். அந்த இறுக்கத்தோடு மணலில் இறங்கினால் டயர் கத்திபோல் மணலை வெட்டிக்கொண்டு கீழே போகும். காற்றை 15க்கு இறக்கினால் டயர் தரையில் படிகிற பரப்பு நீளவாக்கில் கூடுகிறது. வண்டியின் எடை பரவிப்போய் மணல்மேல் மிதக்க ஆரம்பிக்கிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்கிற வேலையும் இதுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18இல் இறங்கிப் பார்க்கலாம் என்பார்கள். இன்ஜின் திணறுவதும் வண்டி இழுப்பதும் தெரிந்தால் தயங்காமல் இன்னும் மூன்றை இறக்குங்கள். மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்காக மட்டும் 12, மிஞ்சிப்போனால் 10. அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இதில் பலரும் மறக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஓடி ஓடி டயர் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். மூன்று மணிக்கு 15 என்று வைத்தது நாலு மணிக்கு 18, 19 காட்டும். "இவ்வளவு நேரம் நல்லாத்தானே போச்சு, இப்ப ஏன் இழுக்குது" என்று யாராவது கேட்டால் அளவுமானியை எடுத்து மறுபடி பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி வரவேண்டாம். கையடக்க அளவுமானி ஒன்று வண்டிக்குள் கட்டாயம். நான்கு டயரிலும் ஒரே அளவு இருப்பது, துல்லியமாக 15 இருப்பதைவிட முக்கியம்.

இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றப் பம்ப் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பம்ப் இந்த வேலைக்கு ஆகாது. பெரிய டயர் நான்கை நிரப்புவதற்குள் ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் பம்ப் சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போட்டு ஓட்டும் வகைதான் வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு அடித்தால் டயருக்கு நாலைந்து நிமிடம். மூன்று வண்டிக்கு அப்படி ஒரு பம்ப் போதும், இரண்டு இருந்தால் நிம்மதி.

வண்டி விஷயத்தில் கண்டிப்பாக இருக்கலாம். பிராடோ, பட்ரோல், பஜேரோ, எஃப்ஜே, ராங்லர் மாதிரி, மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஓட்டுவதற்கான லோ கியர் தனியாக உள்ள வண்டிகள்தான் மணலுக்கு. எஸ்.யூ.வி. என்று விற்றாலும், லோ கியர் இல்லாத, தரையோடு தாழ்ந்த வண்டி மணலில் பத்து நிமிடத்தில் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கைக் காட்டும். வாடகை வண்டி எடுத்துப் போவது அதைவிட மோசம். ஒப்பந்தத்திலேயே மணலில் ஓட்டக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். சொந்த வண்டியாக இருந்தாலும் இன்சூரன்ஸில் 'ஆஃப் ரோடு' சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். அமீரகத்தில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் நசுங்கிய வண்டியைக் கராஜில் தொடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

எங்கே போவது? துபாய் – ஹத்தா சாலையில் லஹ்பாப் தாண்டிய செம்மணல் பகுதிதான் எல்லாருக்கும் தெரிந்தது. மணல்துகள்மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. மாலை வெயிலில் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். அங்கே 'பிக் ரெட்' என்று சொல்லும் பெரிய மேடு முதல் பயணத்துக்கு உரியது அல்ல. அதன் ஓரத்துச் சின்ன மேடுகளில் பழகிக்கொண்டு வாருங்கள். ஷார்ஜா பக்கம் மலீஹா இன்னொரு நல்ல இடம். 'ஃபாசில் ராக்' என்கிற பாறைக்குன்றில் கடல் சிப்பிகளின் படிமங்கள் கிடக்கின்றன. டைனோசர் காலத்தில் அது கடலடி. அதை ஒட்டிய ஃபாயா நிலப்பரப்பை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. படிமத்தைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். உடைத்து எடுத்து வரக்கூடாது. தெற்கே லிவாவில் மொரீப் மேடு இருக்கிறது, முந்நூறு மீட்டர் அளவுக்கு உயரம். அங்கெல்லாம் இரண்டு மூன்று பருவம் ஓட்டிப் பழகிய பிறகு போனால் போதும். எங்கே போனாலும் கம்பி வேலி தெரிந்தால் திரும்பிவிடுங்கள். வேலிக்குள் இருப்பது வனவிலங்குக் காப்பகம் அல்லது யாருடைய ஒட்டகப் பண்ணையாவது.

மணலைப் படிக்கத் தெரிந்தால் பாதி வித்தை வந்துவிடும். காற்று அடிக்கிற பக்கம் மணல் இறுகி, சரிவு மெல்ல ஏறும். மறுபக்கம் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், பொலபொலவென்று, 33 பாகை அளவுக்குச் செங்குத்தாக நிற்கும். இறுகிய பக்கத்தில் ஏறி, மென்மையான பக்கத்தில் நேராக இறங்கவேண்டும். இந்த ஊரில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வருவதால் எந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். உச்சி வெயிலில் அது முடியாது. சூரியன் தலைக்குமேல் இருந்தால் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒரே தட்டையான மஞ்சளாகத் தெரியும். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்று மணிக்குப் பின்னும் நிழலே வழி காட்டும்.

உச்சியை எப்போதும் நேர்கோணத்தில் கடக்கவேண்டும். ஏறும் வேகம் உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே குறையவேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மேலே வந்து மூக்கைத் தாழ்த்தும். வேகமாக வந்தால் பறந்து மூக்கால் விழும். பயந்து முன்னமே நிறுத்தினால் வயிறு உச்சியில் உட்கார்ந்து நான்கு சக்கரமும் ஊசலாடும். ஏற முடியாது என்று தெரிந்தால் வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்குங்கள், சரிவில் வண்டியைத் திருப்பவே கூடாது. பக்கச் சரிவில் போகும்போது பின்பக்கம் வழுக்கினால் கை தானாக ஸ்டியரிங்கை மேல்பக்கம் ஒடிக்கப் பார்க்கும். வண்டிகள் உருண்டுபோவது அந்த ஒரு கணத்தில்தான். கீழ்ப்பக்கமே திருப்பி, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு. பிரேக்கை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து சின்னத் திண்ணை மாதிரி ஆகிவிடும். மறுபடி கிளம்பும்போது அந்தத் திண்ணையை ஏறவேண்டும். காலை எடுத்துவிட்டு, வண்டி தானே ஓய்ந்து நிற்கட்டும், அதுவும் மூக்கு சரிவைப் பார்த்தபடி. வண்டியை மணலில் இறக்கும் முன்பே டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுற்றினால் அது இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும், மணலில் நமக்கு வேண்டியதோ அந்தச் சக்திதான்.

வண்டிகள் குறைந்தது மூன்று. முதலில் வழி தெரிந்தவர், கடைசியில் இழுத்துவிடத் தெரிந்தவர், நடுவில் புதியவர். ஒவ்வொருவரும் தன் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகவேண்டும். தெரியவில்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். இந்த ஒரே பழக்கம் இருந்தால் யாரும் தொலையமாட்டார்கள். முன்வண்டி உச்சியைத் தாண்டி மறுபக்கம் விலகிய பிறகுதான் அடுத்த வண்டி ஏறவேண்டும். "மச்சான், நான் இறங்கிட்டேன், வலப்பக்கம் குழி, இடது ஓரமா வா" என்று முன்னால் போனவர் சொல்லும்வரை கீழே காத்திருங்கள். கூரையைவிட உயரமாக ஒரு கம்பில் சிவப்புக்கொடி கட்டினால், மேட்டின் மறுபக்கம் எதிரே வருகிறவருக்கு வண்டி தெரியும் முன் கொடி தெரியும். ஐஸ் பெட்டி, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது கட்டாத பெட்டி முன்சீட்டுக்காரர் தலைக்குத்தான் வரும்.

வெளுத்த, தட்டையான நிலம் கண்ணில் பட்டால் 'இங்கே நல்லா ஓட்டலாம்' என்று ஆசை வரும். அது சப்கா, உப்புத்தரை. மேலே காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு தட்டு, கீழே சேறு. அதில் இறங்கிய வண்டியை இழுக்கப் போன வண்டியும் இறங்கும்.

இனி, எல்லா முன்னேற்பாட்டையும் மீறி வண்டி மாட்டிக்கொள்வதைப் பற்றி. மாட்டிக்கொள்ளாமல் யாரும் வரமாட்டார்கள், அதுவும் பயணத்தின் பகுதிதான். மாட்டிய கணத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு சுற்றும் சக்கரத்தை இரண்டு விரற்கடை கீழே இறக்கும். காலை எடுங்கள், எல்லாரும் இறங்குங்கள், முதலில் பாருங்கள். பத்தில் ஆறு ஏழு தடவை, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் வந்துவிடும். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. வராவிட்டால் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் மட்டும் தோண்டி ஏமாறுகிறவர்கள் அதிகம். வண்டியின் வயிறு மணலில் படிந்திருந்தால் சக்கரத்தில் எடையே இல்லை, அது எத்தனை சுற்றினாலும் பிடிக்காது. குனிந்து வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை போகாத இடத்தையெல்லாம் தோண்டி வெளிச்சம் தெரியவைக்கவேண்டும். பிறகு நான்கு சக்கரத்துக்கும் போகவேண்டிய திசையில் சாய்வாக வழி வெட்டி, காற்றை 12க்கு இறக்கி, ஃபோர் லோவில் (நான்கு சக்கரத்துக்கும் லோ கியர்) இரண்டாவது கியர் போட்டு, ஸ்டியரிங் நேராக, மெதுவாக. நாலு பேர் தள்ளினால் இன்னும் நல்லது, ஆனால் சக்கரத்துக்கு நேர்பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கால்மிதியைச் சக்கரத்தடியில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பிடிக்காது, பின்னால் நிற்பவர்மேல் தெறிக்கும். இதற்கென்று பல்லுள்ள பிளாஸ்டிக் பலகைகள் விற்கிறார்கள், ஒரு ஜோடி போதும்.

கயிறு கடைசி வழி. இங்கே விளையாட்டே வேண்டாம். நீண்டு சுருங்கும் வகைக் கயிறு, ஒன்பது மீட்டர் அளவு, வண்டி எடைக்கு ஏற்ற தடிமன். அதை 4.75 டன் தாங்கும் வில் ஷேக்கிளில் (ஆணி போட்டு மூடும் வில் வடிவ இரும்பு வளையம்) மாட்டி, வண்டிச் சட்டகத்தோடு சேர்ந்த கொக்கியில்தான் கட்டவேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கட்டக்கூடாது. இழுவையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். அப்படி முறிந்து ஆள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்காக அடியில் வைத்திருக்கும் மெல்லிய வளையமும் இழுப்பதற்கானது அல்ல. ஷேக்கிள் ஆணியை முழுக்க முடுக்கி, கால் சுற்று திருப்பி விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாமல் இறுகிவிடும். கயிற்றின் நடுவில் கனமான போர்வை ஒன்றைப் போடுங்கள். ஓட்டுநர்கள் தவிர மற்ற எல்லாரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கவேண்டும், வீடியோ எடுக்கிறவரும்தான்.

டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் பதற வேண்டாம். குறைந்த காற்றோடு ஸ்டியரிங்கை வேகமாக ஒடித்தால் அது நடக்கும். ஜாக்கியை வெறும் மணலில் வைத்தால் ஜாக்கிதான் உள்ளே போகும். ஓர் அடிக்கு ஓர் அடி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையின்மேல் வையுங்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் விளிம்பில் ஒட்டிய மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுப் பம்ப் அடித்தால் காற்று வேகமாக ஏறும். 'டப்', 'டப்' என்று இரண்டு சத்தம் கேட்டால் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. ஊசியைத் திருப்பிப் போட மறந்துவிடாதீர்கள். பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் முயலவேண்டாம்.

டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நாலே முக்காலுக்குத் தங்குமிடம் முடிவாகியிருக்கவேண்டும். மேட்டின் உச்சியில் காற்று கூடாரத்தைப் பிடுங்கும். மேட்டடி வளைவில் தூங்கினால், இரவில் ஓட்டுகிறவர்கள் மறுபக்கத்திலிருந்து உங்கள்மேல் இறங்கக்கூடும். கொஞ்சம் சமதரை, காற்று வரும் திசையில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி ஒரு சுவர்போல் ஆக்கிக்கொள்ளுங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் எந்தக் காற்றுக்கும் அசையாது. பனி வேறு கொட்டும். வெளிக்கூரைத் துணி இல்லாமல் படுத்தால் விடியற்காலை போர்வை நனைந்திருக்கும். ஜனவரி இரவில் பத்துப் பாகை வரை இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு கம்பளி எடுத்துப் போங்கள்.

பக்கத்தில் ஒற்றை மரம் ஒன்று நின்றால் நெருங்கிப் பாருங்கள். சின்னச் சின்ன இலை, முள், தொங்கும் கிளை. அரபியில் காஃப் என்பார்கள், அமீரகத்தின் தேசிய மரம். நமக்கு அது வன்னி. திருவான்மியூர்க் கோயிலில் தல விருட்சமாக நிற்பதும் விஜயதசமிக்குத் தேடுவதும் இதே மரம்தான். 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது இந்த நாடு சின்னமாக வைத்ததும் இதைத்தான். நிலத்துக்கடியில் வெகு ஆழம் வேர்விட்டுத் தண்ணீர் தேடும் மரம். கீழே கிடக்கும் காய்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்காமல் விடுங்கள். விறகும் கரியும் ஊருக்குள்ளேயே வாங்கிக்கொள்ளலாம்.

தீயைத் தரையில் மூட்டாமல் காலுள்ள இரும்புத் தட்டில் மூட்டவேண்டும். தணலை மணலில் புதைத்தால் அணையாது. மணல் போர்வைபோல் மூடிச் சூட்டைக் காக்கும். மறுநாள் வெறுங்காலோடு வரும் குழந்தையோ ஒட்டகமோ அதை மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி அணைத்து, கரியைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள்.

பத்துப் பேருக்கு மூன்று கிலோ கோழி சரியாக இருக்கும். முந்தின இரவே இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், தயிர், எலுமிச்சை, உப்பு தடவிக் குளிரில் வைத்துவிடுங்கள். ஐஸ் கட்டிக்குப் பதில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துப் பெட்டியில் அடுக்கினால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்காது, உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். உறைந்த பரோட்டா நாற்பது, வீட்டில் செய்த சால்னா ஒரு தூக்கு. கரி மேலே வெண்சாம்பல் பூக்கும்வரை, அரைமணி நேரம், காத்திருந்து கோழியை வையுங்கள். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். டீக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எட்டு ஸ்பூன் தூள், தட்டிய ஏலக்காய் எட்டு, விரல் நீள இஞ்சி, நன்றாகக் கொதித்த பிறகு ரெயின்போ பால் 410 கிராம் டின் ஒன்று. பத்து பேப்பர் கப்புக்குக் கச்சிதம். சமையல் நடக்குமிடத்தைச் சுற்றி யாரும் ஓடவேண்டாம். சாப்பாட்டில் மணல் விழுவது காற்றால் மட்டும் அல்ல, காலாலும்தான்.

குடிக்கவும் கை கழுவவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், வண்டிக்கு இருபது லிட்டர் தனியாக. போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. சிக்னல் இருக்கும் கடைசி இடத்திலேயே இருப்பிடத்தை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் விளக்கையெல்லாம் அணைத்து இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். ஜனவரிக் கடைசியில் இரவு பத்து மணி அளவில் தெற்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, தனியாக ஒரு வெள்ளை நட்சத்திரம் நிற்கும். அரபிகளுக்கு அது சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலை அது தெரிந்தால் கோடை உடைந்தது என்று இந்த மக்கள் தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதுதான் அகத்திய நட்சத்திரம். சென்னையில் அது இங்கே தெரிவதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஏறும். எல்லாரும் பேச்சை நிறுத்தி அதைப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இத்தனை காற்றையும் கயிற்றையும் சுமந்து வரலாம்.

படுக்கும் முன் புற ஊதா டார்ச்சால் கூடாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடியுங்கள். தேள் இருந்தால் பச்சையாக ஒளிரும், விலகிப்போகட்டும். ஷூவைக் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் தட்டிப் போடுங்கள்.

விடிந்ததும் பனியில் நனைந்த மணல் இறுகியிருக்கும். திரும்புவதற்கு அதுதான் நல்ல நேரம், வெயில் ஏறினால் மறுபடி பொலபொலத்துவிடும். கிளம்பும் முன் எல்லாரும் வரிசையாக நடந்து குப்பை பொறுக்குங்கள், குறிப்பாகப் பிளாஸ்டிக் பை. உப்புச் சுவைக்காக ஒட்டகம் அதைத் தின்றுவிடும். வயிற்றில் அது கல்லாக இறுகி, பல கிலோ எடைக் கட்டியாகி ஒட்டகங்கள் செத்திருப்பதைத் துபாய் கால்நடை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியிலும் எட்டிப் பாருங்கள். காய்ந்த புல் சைலன்சர் பக்கம் சிக்கியிருந்தால் ரோட்டு வேகத்தில் பற்றிக்கொள்ளும்.

தார் ரோட்டைத் தொட்டதும் ஓரமாக நிறுத்தி எல்லாருக்கும் 35 வரை காற்று. 15இல் நூறு கிலோமீட்டர் வேகம் போனால் டயரின் பக்கச்சுவர் கொதித்துக் கிழிந்துவிடும். பம்ப் கெட்டுவிட்டால் நாற்பதைத் தாண்டாமல் பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை ஓரமாகவே ஊர்ந்து போங்கள். காற்று சரியாக இருந்தும் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கினால், ரிம்மின் உள்பக்கம் ஈர மணல் அப்பியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் கட்டி கட்டியாக விழும், நடுக்கம் நின்றுவிடும்.